முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் நடுவே ஒரு பிள்ளை

உங்கள் மாவட்ட அலுவலர் என்னை இங்கே பேசக் கூப்பிட்டபோது, "மேடம், உங்க சாதனைகளைச் சொல்லுங்க, புதுசா வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார். வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருட சர்வீசில், மாறுதல் கேட்காமல் விருதுநகர் வெயிலிலேயே கிடந்ததைத் தவிர எனக்கு ஒரு சாதனையும் அகப்படவில்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். சாதனைகளை உங்கள் ஆண்டறிக்கையில் படித்துக்கொள்ளுங்கள், அதில் நிறைய இருக்கிறது.

உங்கள் வாரியம் வருவதற்கு முன்னால் இதே வேலையைக் கலெக்டர் அலுவலக மாடியில் இருந்த எங்கள் பிரிவு பார்த்தது. தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் மாத உதவி, விடுதி, படிப்பு, பாதுகாப்பு எல்லாம் எங்களிடம் இருந்தது. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஏன் அதிகம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசுக் கம்பெனி வெடி விபத்துச் செய்தி பேப்பரில் மூன்று நாள் வரும், நான்காம் நாள் நின்றுவிடும். எங்களிடம் அது அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை ஒரு கோப்பாக பீரோவில் இருக்கும். நான் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர்.

ஒரு நாள் மேலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தனி வாரியம், எல்லாக் கோப்பையும் அதனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தரைத்தளத்தில் தேர்தல் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் கழுவிவிட்டு, வாரியத்துக்குக் கொடுத்தார்கள். அதன் மாவட்ட அலுவலராக ஓர் இளைஞர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதையான பையன், எதையும் முறைப்படி செய்கிறவர். அவர் எனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, கோப்புகளில் படிவத்துக்கு வெளியே எந்தக் கையெழுத்துக் குறிப்பும் இருக்கக் கூடாது, ஸ்கேன் செய்யும்போது சிக்கல் வரும் என்று கேட்டிருந்தார்.

இங்கேதான் எங்கள் பிரிவின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களிடம் கருப்பசாமி என்று ஒரு களப்பணியாளர் இருந்தார். மொபெட்டில் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என்று சுற்றி, ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பார்த்ததை அறிக்கையாகப் பேனாவில் எழுதுவார். எழுத முடியாததைக் கோப்பு அட்டையின் உள்பக்கம் பென்சிலில் எழுதுவார். பேனாவில் எழுதினால் அது ஆவணம், யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு நகல் கேட்கலாம். பென்சிலில் எழுதியதை யாரும் கேட்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதாகவே அரசுக்குத் தெரியாது.

அந்தப் பென்சில் எழுத்தில் என்னவெல்லாம் இருக்கும் தெரியுமா? "பெரியப்பாவிடம் பேச வேண்டாம், அத்தையிடம் பேசு." "மத்தியானத்துக்கு மேல் போனால் ஆள் நிதானத்தில் இருக்க மாட்டார்." "அம்மா இறந்தது பிள்ளைக்கு இன்னும் தெரியாது, கேரளாவில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், வாயை விட்டுவிடாதே." கோப்பின் மற்றப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அட்டையின் உள்பக்கத்தைக் கருப்பசாமிதான் எழுத முடியும்.

நான் என்ன செய்தேன்? ஒரு டஜன் ரப்பர் வாங்கி வரச் சொன்னேன்.

எனக்குச் சுத்தம் பிடிக்கும். அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் எங்கள் வீட்டில் சோறு தாமதமாகத்தான் வரும். புது வாரியத்துக்குப் போகும் கோப்பு புதுப்பெண் மாதிரி போக வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. மூன்று நாள் பிரிவு முழுக்க உட்கார்ந்து அழித்தோம். என் சர்வீசில் எங்கள் பிரிவில் எல்லாரும் ஒரு சண்டையும் இல்லாமல் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். மேசையெல்லாம் ரப்பர்த் தூள்.

கருப்பசாமி ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அம்மா, இத மட்டும் விட்டுருவமாம்மா?"

அச்சங்குளத்துப் பிள்ளை, மாரீஸ்வரி. பத்தாம் வகுப்பு. அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமில் வேலை பார்த்து, விபத்தில் போய்விட்டாள். அதற்கு ஒரு வருடம் முன்னால் அவள் அப்பா இந்தப் பிள்ளையைத் தன் அக்கா மகனுக்குக் கட்டிக்கொடுக்க நாள் குறித்தார். மாப்பிள்ளைக்கு முப்பது தாண்டியிருந்தது. பிள்ளையே ஆசிரியையின் போனை வாங்கி எங்களுக்குச் சொன்னது. குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு, அவளை விருதுநகரில் ஒரு மாணவியர் விடுதியில் சேர்த்தோம். எந்த விடுதி என்று அப்பாவுக்குச் சொல்லவில்லை. கோப்பின் முகப்பில் அச்சங்குளத்து முகவரிதான் இருந்தது. உள்ளே அட்டையில் கருப்பசாமி பெரிதாக எழுதியிருந்தார்: "வீட்டுக்குத் தபால் போடக் கூடாது. இருக்கும் இடம் அப்பாவுக்குத் தெரியக் கூடாது."

"இதுக்கு விட்டா எல்லாத்துக்கும் விடணும் கருப்பசாமி," என்றேன். "நீங்க மனசுல வச்சுக்கோங்க."

"நான் மனசுல வச்சுக்கிருவேன்மா. நான் இல்லாத அன்னைக்கு?"

"எங்க போகப் போறீங்க?"

அவர் உட்கார்ந்து அழித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் கொஞ்சம் தடம் தெரிந்தது. "நல்லா அழிங்க" என்றுகூடச் சொன்னேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

அவர் எங்கே போகப் போகிறார் என்று கேட்டேன் அல்லவா? ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனார். வருடா வருடம் போகிறவர்தான், எனக்குத் தெரியும். அவர் விடுப்பில் இருந்த அந்த இரண்டு நாளில்தான் வாரியம் அனுப்பிய அறிவிப்புக் கடிதங்கள் வந்து இறங்கின. "தங்கள் குழந்தையின் பொறுப்பு இன்ன நாள் முதல் வாரியத்துக்கு மாறுகிறது" என்று ஒவ்வொரு பெற்றோருக்கும் அனுப்ப வேண்டும். கடிதத்தில் பிள்ளையின் பெயர், பள்ளி, தற்போது தங்கியிருக்கும் விடுதி என்று கட்டங்கள். கிளார்க் பிள்ளைகள் கோப்பின் முகப்பைப் பார்த்து உறையில் முகவரி எழுதினார்கள், உள்ளே இருந்த தாள்களைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினார்கள். ஒரு தப்பும் இல்லாமல் நிரப்பினார்கள். நான் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போட்டேன். மாரீஸ்வரி கடிதத்திலும் போட்டேன். அன்றைக்கு நான் அதைப் படித்தேனா என்று கேட்காதீர்கள்.

ஒப்படைப்பு நாள் ஆவணி முதல் வெள்ளி. ஆடியில் புது வாரியத்தைத் தொடங்குவதில் மேலே யாருக்கும் மனசில்லை. சரி, வெள்ளி. ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். எனக்கு அதெல்லாம் கிடையாது, நான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவள். எனக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். பத்து மணிக்கே பொறுப்பு ஒப்படைப்புச் சான்றில் 'முற்பகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பிவிட்டேன். கீழே இருந்த அலுவலர் ராகு காலம் கழியட்டும், சாப்பாடும் முடியட்டும், ஒன்றரைக்கு மேல் இயக்குநர் வீடியோவில் வருவார், அப்போது கையெழுத்துப் போடலாம் என்று தன் சான்றில் 'பிற்பகல்' என்று தட்டச்சு செய்து வைத்திருந்தார். நான் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கவில்லை. நடுவில் மூன்றரை மணி நேரம் இந்த மாவட்டத்தில் அத்தனை பிள்ளைகளும் யார் பொறுப்பிலும் இல்லை. இது எங்கள் இருவருக்கும் தெரியும். யாருக்கும் ஒரு உறுத்தலும் இல்லை.

பத்தே முக்காலுக்கு விடுதிக் காப்பாளர் போன் செய்தார்.

"மேடம், மாரீஸ்வரியோட அப்பா வந்திருக்காரு. அக்கா பேத்திக்குக் காதுகுத்தாம், ரெண்டு நாள் பிள்ளைய அனுப்புங்கன்னு கேக்காரு. கையில உங்க லெட்டர் வச்சிருக்காரு. உங்க சீலு, உங்க கையெழுத்து. அனுப்பவா?"

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 'அனுப்பாதே' என்பது ஒரு சொல். அதைச் சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். நான் என்ன சொன்னேன்? "அஞ்சு நிமிஷம் இருங்க, கூப்பிடுறேன்" என்றேன். ஏனென்றால் முக்கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் பொறுப்பை ஒப்படைத்திருந்தேன். எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளையைப் பற்றி வர வேண்டிய பயம், விதியைப் பற்றி வந்தது.

படியிறங்கிக் கீழே ஓடினேன். அலுவலர் மூடிய பேனாவை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, நான் இன்னும் சார்ஜ் எடுக்கலையே மேடம். நான் சொன்னா அது செல்லாதே. நீங்கதான் சொல்லணும்."

"நான் கொடுத்தாச்சே."

"நான் வாங்கலையே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. மேலே வந்து போன் போட்டேன், லைன் பிஸி. மறுபடி போட்டேன். கிடைத்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே மேடம். ரெண்டு நாள்ல கொண்டாந்து விடுறேன்னு எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பிட்டேன்," என்றார் காப்பாளர்.

விடுப்பு முடிந்து வந்திருந்த கருப்பசாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"காதுகுத்தும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. ஆவணி பொறந்துருச்சுல்ல. ஞாயித்துக்கிழமை முதல் முகூர்த்தம்."

எல்லாரும் ஆடி முடியட்டும் என்றுதான் காத்திருந்தோம். அவள் அப்பாவும் காத்திருந்திருக்கிறார்.

சாத்தூர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த ஆய்வாளர் நல்ல மனிதர். "உடனே ஆள் அனுப்புறேன்மா. பொறுப்பு அலுவலர் கையெழுத்தோட ஒரு கடிதம் மட்டும் கொண்டாந்துருங்க. இல்லாம அப்பன்கிட்ட இருந்து பிள்ளையப் பிரிச்சுக் கூட்டிட்டு வர முடியாது" என்றார். பொறுப்பு அலுவலர் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

மறுபடி கீழே இறங்கினேன். அலுவலர் மேசை மேல் இருந்த என் ஒப்படைப்புச் சான்றை எடுத்து, 'முற்பகல்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'பிற்பகல்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் அடித்தல் திருத்தல்.

"மேடம், அது மாநில அலுவலகத்துக்கு மெயில் போயிருச்சு!"

"அப்போ ரெண்டு விதமா இருக்கும். விசாரிக்கிறவங்க விசாரிக்கட்டும். பிற்பகல் வரைக்கும் பிள்ளைங்க என் பொறுப்பு."

அவர் என் முகத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். நான் பொறுப்பு அலுவலர் என்று கையெழுத்துப் போட்டு, காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். ஜீப்பும் ஒப்படைத்த சாமான் பட்டியலில் இருந்தது. டிரைவர், "டிரிப் ஷீட்ல யாரு கையெழுத்துப் போடுவாகம்மா?" என்று கேட்டார். "வண்டிய எடும்வே" என்றார் கருப்பசாமி. எடுத்தார்.

சாத்தூரில் கடிதத்தைக் கொடுத்து, ஒரு பெண் காவலரை ஏற்றிக்கொண்டு அச்சங்குளம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். உள்ளே மாரீஸ்வரி புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ, கன்னத்தில் நலுங்கு மஞ்சள். காலையில் போட்டிருந்த பள்ளிச் சீருடை மடித்து மூலையில் இருந்தது. இவ்வளவையும் அவர்கள் மூன்று மணி நேரத்தில் செய்து முடித்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு கையெழுத்துப் போட அதைவிட அதிக நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

அவள் அப்பா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"வாங்கம்மா. சாப்பிட்டீகளா?" என்றார். பிறகுதான் பெண் காவலரைப் பார்த்தார்.

"பிள்ளைக்குப் பதினஞ்சு வயசுதான் ஆகுது. நலக் குழு உத்தரவு இருக்கு. தெரியுமில்லையா?" என்றேன்.

"தெரியும்மா. இவ ஆத்தா மருந்து ரூமுக்குள்ள போனவ, கரிக்கட்டையா வெளிய வந்தா. இவள எம்புட்டு நாளு நான் காவல் காக்க? நானும் அதே வேலைக்குத்தான் போறேன். நாளைக்கு எனக்கும் ஒண்ணு ஆயிட்டா இவளுக்கு யாரு இருக்கா? ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டா என் கட்ட வேகும். நீங்க லெட்டரு போட்டிருந்தீகள்ல, பிள்ளையோட பொறுப்பு மாறுதுன்னு? சரி, இனி நாமளே பாத்துக்கிருவோம்னு நெனச்சேன்."

கருப்பசாமி அவர் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரம் வேப்ப மரத்தடியில் இருவரும் நின்று பேசினார்கள். என்ன பேசினார் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. திரும்பி வந்தபோது அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். "கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஜீப்பில் சாத்தூர் தாண்டும்வரை பிள்ளை தலையிலிருந்த பூவை ஒவ்வொரு சரமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"எங்கப்பா ஒரு வருசமா என்னத் தேடுனாரு. ஒவ்வொரு விடுதியாப் போய்க் கேட்டாராம். ஒருத்தரும் சொல்லல. நீங்க எழுதிக் குடுத்துட்டீக."

"தெரியாம நடந்துபோச்சு தாயி."

"தெரியாமன்னா? கருப்பசாமி அண்ணனுக்குத் தெரியும்ல? உங்க ஆபீஸ்ல எழுதி வச்சிருந்தீகள்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். முன் இருக்கையில் கருப்பசாமி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "எழுதி வச்சிருந்தோம். நான்தான் அழிக்கச் சொன்னேன்" என்றேன். நான் அழுதேன். அலுவலக ஜீப்பில், டிரைவர் முன்னால், இத்தனை வருட சர்வீசில் முதல் தடவையாக.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஐந்து மணி. கீழே அலுவலர் மூடிய பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கையெழுத்துப் போடலையா? ஒன்றரைக்குப் போடுறதா இருந்ததே?" என்றேன்.

"மூணு மணிக்கு எமகண்டம் வந்துருச்சு மேடம்."

"ஒன்றரைக்கும் மூணுக்கும் நடுவுல?"

"நெட்வொர்க் இல்லைன்னு இயக்குநர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். அவர் ஒன்றரைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் சாத்தூரில் நான் கொடுத்த கடிதம் வெறும் காகிதம். ராகு காலம் பார்க்கிறவர் என்று அதுவரை அவரைப் பற்றி எனக்கு ஒரு இளப்பம் இருந்தது. அன்றோடு போயிற்று.

எனக்கு மெமோ வந்தது, ஆவணத்தைத் திருத்தியதற்கு. அவருக்கும் வந்தது, தாமதத்துக்கு. கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது முறைப்படி நடந்த வேலை. பிறகு கருப்பசாமியும் அந்த அலுவலரும் ஒரு மாதம் உட்கார்ந்து, அழித்த குறிப்புகளை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார்கள். பாதிதான் கிடைத்தது. கேரளாவில் அம்மா வேலை பார்ப்பதாக நம்பிக்கொண்டிருந்த பிள்ளை யார் என்று இரண்டு பேர் மேல் சந்தேகம். தெரிந்துகொள்வதற்குள் உங்கள் அலுவலகத்து ஆள் ஒருவர் போய் அந்தப் பிள்ளையிடம் இறப்புச் சான்று கேட்டுவிட்டார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பிள்ளையைப் பற்றிப் போன் வந்தால், அது யார் பொறுப்பு என்று அப்புறம் பாருங்கள். முதலில் 'அனுப்பாதே' என்று சொல்லுங்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் மெமோ வரும், பதில் எழுதிக்கொள்ளலாம். நான் எழுதிய பதிலின் நகல் வேண்டுமானால் தருகிறேன்.

மாரீஸ்வரியை நலக் குழு வேறு விடுதிக்கு மாற்றியது, எந்த விடுதி என்பதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. புதுப் படிவம் எழுத அவளை வாரிய அலுவலகத்துக்குக் கூட்டி வந்தபோது, எல்லாக் கட்டத்தையும் அவளே நிரப்பினாள். தங்கியிருக்கும் இடம் என்ற கட்டம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இத எழுத மாட்டேன் சார். கருப்பசாமி அண்ணன்கிட்ட மட்டும் சொல்லுவேன்" என்றாள். அலுவலர் என்னைப் பார்த்தார். "விட்டுருங்க" என்றேன். அவர் நலக் குழுவிடம் பேசி, அதைக் காலியாகவே விட அனுமதி வாங்கினார். அவளும் கருப்பசாமியும் வெளியே போய் வராந்தாவில் நின்று பேசிவிட்டு வந்தார்கள்.

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து, ஒரே ஒரு கோப்பு மட்டும் முழுமையாகாமல் கம்ப்யூட்டரில் சிவப்பாகக் காட்டுகிறது, இந்தப் பிள்ளையின் முகவரி தெரியுமா மேடம் என்று கேட்டார். யார் என்று பார்க்க நான் இங்கே வரவில்லை, கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கருப்பசாமியிடம் கேட்டதில்லை. என்னை நம்பவில்லையே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் சரியாகத்தான் செய்தாள். அவளுக்குப் பதினெட்டு முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பிவிடாதீர்கள்.